அடுத்தவன் வண்டியில் தர்மம்

என் வயிற்றில் அடித்தவர் அரிசி மில் முதலாளி சங்கரபாண்டியன். மில்லில் சாவியோடு நிறுத்தியிருந்த என் லோடு வேனைத் தன்னுடையது என்று சொல்லி, முதியோர் இல்லத்து விழாவில் தானம் செய்துவிட்டார். எனக்குச் சோறு போடுவது அந்த ஒரு வண்டிதான். மேடையேறிக் கேட்டதற்கு, "தர்ம காரியம்டே, தடுக்காத" என்று காதைக் கடித்தார்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. மைக்கை வாங்கினேன்.

"முதலாளியைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துட்டு. வெளியே நிக்கிற வெள்ளைக் காரை நான் இல்லத்துக்குக் கொடுக்கேன்."

கூட்டம் கைதட்டியது.

"ஏலே, அது என் காருல்லா" என்று பதறினார் முதலாளி.

"அப்போ அடுத்தவன் வண்டியைக் கொடுக்கக் கூடாதா, முதலாளி? அந்த வேன் என்னோடதுல்லா."

கூட்டம் சிரித்தது. இல்லத்தை நடத்தும் அம்மா வேன் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். அதைத் தானம் செய்ததற்காக முதலாளிக்குப் போர்த்திய சால்வைதான் இன்னும் எனக்கு வந்து சேரவில்லை.