அய்யாக்கண்ணு கடல் பார்த்த கதை

நத்தைக்குறிச்சிக்காரர்கள் நல்லவர்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறும் அதுதான்.

அந்த ஊர் அய்யாக்கண்ணுவுக்குப் பக்கத்து ஊரில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் பெயர் சரோசா. ஜாதகம் பொருந்தியது. பரிசம் போட நாளும் குறித்தாயிற்று. எல்லாரும் எழுந்து துண்டை உதறித் தோளில் போடும் நேரத்தில், கதவுக்குப் பின்னாலிருந்து சரோசா ஒரு கேள்வி கேட்டாள்.

“மாப்பிள்ளை கடலைப் பார்த்திருக்காரா?”

இல்லை. நத்தைக்குறிச்சியில் யாருமே கடலைப் பார்த்ததில்லை. அங்கே இருக்கிற பெரிய தண்ணீர், மாடு குளிப்பாட்டுகிற குட்டைதான். கோடையில் அதுவும் இருக்காது.

“எங்க அக்கா வீட்டுக்காரர் கடலைப் பார்த்தவரு. அக்கா அடிக்கிற பெருமை தாங்க முடியல. நானும் கடலைப் பார்த்தவரைத்தான் கட்டிக்குவேன். பரிசத்துக்குள்ள பார்த்துட்டு வரச் சொல்லுங்க” என்றாள் சரோசா.

அய்யாக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. சரோசா காராசேவுத் தட்டு நீட்டிய கையே கண்ணுக்குள் நின்றது. ஆனால் அப்போது பருத்தி எடுக்கிற காலம். பரிசத்துக்கு முந்தின ஒரு நாள்தான் ஓய்வு. காலையில் சென்னையில் இறங்கி, அன்று சாயங்கால ரயிலுக்கே திரும்பிவிட வேண்டும்.

அவனுடைய தாய்மாமன் பிச்சைமுத்து துணைக்கு வருவதாகச் சொன்னார். அவருடைய பங்காளிகள் மருதையும் வீரமலையும் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள்.

புறப்படுமுன் நால்வரும் ராசாங்கம் சித்தப்பாவிடம் யோசனை கேட்கப் போனார்கள். அவர் ஒருமுறை கண் ஆபரேஷனுக்காகச் சென்னை போய் வந்தவர். கண்ணில் கட்டுப் போட்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் போய் வந்தவர் போய் வந்தவர்தானே!

“ரெண்டே விஷயம்” என்றார் சித்தப்பா. “கூட்டத்துல காணாமப் போயிடுவீங்க. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்குங்க, விட்டுடாதீங்க. அப்புறம், இந்தா என் பை. நல்ல ரெக்சின், ஜிப் வச்சது. அய்யாக்கண்ணு, திருப்பி என் கையில குடுக்கிற வரைக்கும் இதை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.”

“எடுக்க மாட்டேன் சித்தப்பா” என்றான் அய்யாக்கண்ணு. அந்த நிமிடமே பையைப் பார்க்க ஆரம்பித்தான். பையைப் பார்த்துக்கொண்டே போனதில் வாசற்படியில் தடுக்கி விழுந்தான். விழுந்தபோதும் கண்ணை எடுக்கவில்லை.

ரயிலில் பிச்சைமுத்து ஒரு கவலையை எடுத்து வைத்தார்.

“இருக்கிறது ஒரு பகல். பட்டணமோ பெரிசு. எல்லாத்தையும் எப்படிப் பார்த்து முடிக்கிறது?”

“வேகமா நடக்கலாம்ணே” என்றான் வீரமலை.

“அட கூறு கெட்டவனே! பருத்தி எடுக்கப் போறோம். நாலு பேரும் ஒரே செடியிலயா நிக்கிறோம்? ஆளுக்கு ஒரு வரிசைதானே? நாலு பேரும் ஒரே கட்டடத்தைப் பார்த்தா மூணு பேர் பார்வை வீண்.”

இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அங்கேயே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். இடப்பக்கம் முழுவதும் பிச்சைமுத்து பார்ப்பது. வலப்பக்கம் மருதை. மேலே இருப்பதெல்லாம் வீரமலை. ஊருக்குப் போய் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால் முழுப் பட்டணமும் கிடைத்துவிடும்.

“எனக்கு எந்தப் பக்கம் மாமா?” என்றான் அய்யாக்கண்ணு.

“உனக்குத்தான் பை இருக்கே மாப்ள.”

“அப்ப கடல்?”

“அது வர்றப்போ பார்த்துக்கலாம்.”

காலையில் எழும்பூரில் இறங்கினார்கள். வழிக்குக் கட்டிய புளிச்சோற்றுப் பொட்டலம் இருந்த பையை அய்யாக்கண்ணு கழுத்தில் மாட்டி மார்பில் தொங்கவிட்டுக்கொண்டான். நால்வரும் கைகோத்து வரிசையாக நடந்தார்கள். பிச்சைமுத்து இடப்பக்கம் பார்த்தார். மருதை வலப்பக்கம் பார்த்தான். வீரமலை வானத்தைப் பார்த்தான். அய்யாக்கண்ணு பையைப் பார்த்தான்.

முன்பக்கத்தை யாருக்கும் ஒதுக்கவில்லை என்பது ஒரு விளக்குக் கம்பம் வந்தபோதுதான் தெரிந்தது.

கம்பம் சரியாக நடுவில் வந்தது. பிச்சைமுத்துவும் மருதையும் இந்தப் பக்கம். அய்யாக்கண்ணுவும் வீரமலையும் அந்தப் பக்கம். மருதையின் கையும் அய்யாக்கண்ணுவின் கையும் கம்பத்தைச் சுற்றி மாட்டிக்கொண்டன.

“கையை விட்டாத்தான் போக முடியும்” என்றான் மருதை.

“சித்தப்பா என்ன சொன்னாரு?” என்றார் பிச்சைமுத்து.

“விடக் கூடாதுன்னாரு.”

“அப்ப கம்பம்தான் நகரணும். அரசாங்கத்துக் கம்பம். அவசரப்படுத்தக் கூடாது. நிப்போம்.”

நின்றார்கள். பட்டணத்தில் நான்கு பேர் தெருவோரம் கைகோத்து நின்றால் அதற்குப் பெயர் வேறு. தோளில் துண்டு போட்ட ஒருவர் வந்து மரியாதையாகக் கேட்டார்.

“மனிதச் சங்கிலியா தோழர்? என்ன கோரிக்கை?”

“கடலைப் பார்க்கணுங்க” என்றார் பிச்சைமுத்து, இடப்பக்கம் பார்த்தபடியே.

“நியாயமான கோரிக்கை” என்று அவரும் கை கோத்துக்கொண்டார். பின்னால் வந்தவரும் கோத்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள், பால் வாங்க வந்தவர்கள் எல்லாரும் கோத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சங்கிலி தெருமுனை தாண்டி வளைந்து போய்விட்டது. “பார்ப்போம் பார்ப்போம், கடலைப் பார்ப்போம்!” என்று கோஷம் கிளம்பியது. அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

ஒரு போலீஸ்காரர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

“யாருய்யா இதை ஆரம்பிச்சது? கையை விடுங்க!”

“மாட்டோங்க. சித்தப்பா உத்தரவு.”

“எந்தச் சித்தப்பா?”

“ராசாங்கம் சித்தப்பாங்க.”

போலீஸ்காரர் அந்தப் பெயரில் எந்தத் தலைவர் என்று யோசித்துப் பார்த்தார். பிறகு தாமே மருதையின் கையைப் பிரித்து, கம்பத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து, அய்யாக்கண்ணுவின் கையில் திரும்பக் கொடுத்தார்.

“நாமளா விடல. அரசாங்கம் பிரிச்சுது” என்றார் பிச்சைமுத்து. எல்லாருக்கும் மனசு லேசானது.

“ஐயா, கடலுக்கு எப்படிப் போறதுங்க?”

“நேராப் போங்க. எங்கேயும் திரும்பாதீங்க. கடல் தானா வரும். முதல்ல இங்கேயிருந்து போங்க!”

நேராகப் போனார்கள். கொஞ்ச தூரத்தில் சாலை திரும்பியது. அவர்கள் திரும்பவில்லை. எதிரே ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. உள்ளே நுழைந்தார்கள்.

பெண் வீட்டார் அவர்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவர்களைப் பெண் வீட்டார் என்று நினைத்தார்கள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து பந்தியில் உட்காரவைத்தார்கள். கைகோத்திருந்ததில் வீரமலையின் வலது கை மட்டும்தான் சாப்பிடத் தோதாக இருந்தது. அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே நால்வருக்கும் ஊட்டிவிட்டான். பாயசம் யார் காதுக்குள் போனது என்பதில் இன்றுவரை தகராறு உண்டு.

மண்டபத்தின் சமையல்கட்டு வழியாக நேராக வெளியேறினார்கள். ஒரு சலூன், ஒரு மரக்கடை, துணி காயப்போட்ட ஒரு மொட்டை மாடி எல்லாவற்றையும் நேராகக் கடந்தார்கள். கடைசியில் காலுக்கடியில் மணல் வந்தது. பிறகு தண்ணீர் வந்தது.

“மேல மேகமே இல்லியே! கீழ எப்படித் தண்ணி வந்துச்சு?” என்றான் வீரமலை.

முழங்கால் வரை நனைந்த பிறகு, சுண்டல் தூக்குடன் ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

“யோவ்! கடலுக்குள்ள எங்கய்யா போறீங்க?”

“கடலா! எந்தப் பக்கம்?”

“இன்னா சார் கேள்வி? எதிர்லதான்!”

“எதிர்ப்பக்கம் எங்க கணக்குல இல்லீங்க” என்று விளக்கினார் பிச்சைமுத்து. சுண்டல்காரர் தூக்கைக் கீழே வைத்துவிட்டார். பிறகு நால்வரையும் தோளைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டார். இப்போது கடல் இடப்பக்கம் வந்தது.

“அடேயப்பா!” என்றார் பிச்சைமுத்து. “எவ்வளவு தண்ணி! கரையே இல்லையேடா!”

“எங்கண்ணே? இந்தப் பக்கம் மணலும் பஜ்ஜிக் கடையும்தான் இருக்கு” என்றான் மருதை.

“இங்க ஒரு காக்கா இருக்கு” என்றான் வீரமலை.

பையின் மேல் அய்யாக்கண்ணுவின் கண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

“மாமா, கடல் சத்தம் காதுல கேக்குது. கால்ல வந்து தொடுது. ஆனா பார்க்க முடியலியே. நாளைக்குச் சரோசா கேட்டா என்ன சொல்லுவேன்?”

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் முட்டளவு தண்ணீரில் நின்று ஆலோசித்தார்கள்.

“ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கட்டுமே?” என்றான் வீரமலை.

“சித்தப்பா நம்பிக் குடுத்த பைடா! வாக்குன்னா வாக்குதான்” என்றார் பிச்சைமுத்து.

மருதை ரொம்ப நேரம் பஜ்ஜிக் கடையைப் பார்த்து யோசித்தான். பிறகு சொன்னான்.

“அண்ணே, அவன் கண்ணு பையை விட்டு வர முடியாது. ஆனா கடலுக்கு யாரும் எந்த உத்தரவும் போடலியே. கடல் பைக்குள்ள வரலாமுல்ல?”

இப்படிப்பட்ட யோசனை நத்தைக்குறிச்சியில் தலைமுறைக்கு ஒன்றுதான் தோன்றும். அய்யாக்கண்ணுவைத் தண்ணீரில் மண்டியிட வைத்தார்கள். பிச்சைமுத்து ஓய்வாக இருந்த தன் இடது கையால் ஜிப்பைத் திறந்தார். ஓர் அலை வந்தது. பை நிறைந்தது.

அய்யாக்கண்ணுவின் முகம் மலர்ந்துவிட்டது.

“மாமா! கடல்! அலையடிக்குது மாமா! நுரை வருது! ஒரு நண்டுக்குஞ்சுகூட இருக்கு! அட, கடலுக்குள்ள புளிச்சோத்துப் பொட்டலமும் இருக்கு மாமா!”

“கடலுக்குள்ள இல்லாதது உண்டா மாப்ள?” என்று கண் கலங்கினார் பிச்சைமுத்து.

சுண்டல்காரர் அன்றைக்கு வியாபாரம் போதும் என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜிப்பை மூடிக்கொண்டு நால்வரும் ரயிலைப் பிடித்தார்கள். மறுநாள் சரோசா வீட்டில் ஊர் கூடியிருந்தது. விசாரிக்க உட்கார்ந்தவர் சரோசாவின் அக்கா புருஷன் தருமலிங்கம். அவர்தானே கடலைப் பார்த்தவர்!

“கரையில்லாத தண்ணி” என்றார் பிச்சைமுத்து.

“பொய்! மணலும் பஜ்ஜிக் கடையும்தான்” என்றான் மருதை.

“ரெண்டு பேரு சொல்றதும் பொய். கடல்னா காக்கா” என்றான் வீரமலை.

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. சரோசாவின் அக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அவரைச் சொல்லச் சொல்லுங்க.”

அய்யாக்கண்ணு பையைப் பார்த்தபடியே சொன்னான்.

“கடல் நீலக் கலரா இருந்துச்சுங்க. இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம். உள்ள அலை, நுரை, நண்டு, புளிச்சோறு. ரெண்டு பக்கமும் கைப்பிடி. மேல ஜிப்பு.”

தருமலிங்கம் நெற்றியைச் சுருக்கினார்.

“நான் பார்த்த கடல்ல ஜிப்பு இல்லியே! மேல ஒரு ஆணி இருக்கும். அதுலதான் தொங்கும். கீழ தேதி கிழிக்கிற தாள் இருக்கும். மளிகைக் கடைச் சுவத்துல வருஷம் பூராப் பார்த்தவன்யா நான்.”

“ஆணி இல்லீங்க அண்ணே. ஜிப்புதான்.”

தருமலிங்கம் வெகுநேரம் யோசித்தார்.

“ஆணி பழைய மாடல்” என்றார் கடைசியில். “இப்ப ஜிப்பு வச்சுட்டாங்க போல.”

“பொய் சொல்றவரா இருந்தா அழகா நாலு வார்த்தை சொல்லியிருப்பாரு” என்று சரோசா வெளியே வந்துவிட்டாள். “ஜிப்புன்னு யாராச்சும் பொய் சொல்லுவாங்களா? எனக்கு இவரையே பிடிச்சிருக்கு. அக்கா, உன் வீட்டுக்காரர் கடல் பழசு!”

பரிசம் போட்டாயிற்று. அய்யாக்கண்ணு முதல் வேலையாகப் பையைத் திருப்பிக் கொடுக்க ராசாங்கம் சித்தப்பா வீட்டுக்கு ஓடினான். சித்தப்பா ஜிப்பைத் திறந்தார். கடலில் ஊறிய புளிச்சோறு வாசனை தெரு முழுக்க வீசியது.

“வேணாம்டா!” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் பின்னால் மறைக்கப் பார்த்தார் சித்தப்பா. “நீயே வச்சுக்க. கல்யாணத்துக்கு என் மொய்யா இருக்கட்டும்.”

கடைசிவரை அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. அதனால் அய்யாக்கண்ணுவும் கண்ணை எடுக்க வழியில்லாமல் போயிற்று. தாலி கட்டும்போது சரோசா பையைத் தன் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முதல் முடிச்சு பையின் கைப்பிடியில் விழுந்தது. நாத்தனார் அதை அவிழ்த்துச் சரிசெய்தாள்.

புதுப்பெண்ணுக்கு ஓர் ஆசை. தானும் கடலைப் பார்க்க வேண்டும். அடுத்த ஓய்வு நாளிலேயே இருவரும் சென்னைக்குப் போனார்கள். பஸ்ஸில் ஏறி, “கடல் வந்ததும் இறக்கிவிடுங்க” என்று கண்டக்டரிடம் சொன்னார்கள். அவரும் கடற்கரையில் சரியாக இறக்கிவிட்டார்.

சரோசா வாயைப் பிளந்தாள்.

“என்னங்க! எவ்வளவு தண்ணி! அந்தக் கோடி வரைக்கும் இருக்கே! இதுதான் கடலா?”

அய்யாக்கண்ணு பையைப் பார்த்தபடியே கேட்டான்.

“ஜிப்பு இருக்கா புள்ள?”

சரோசா கையை நெற்றியில் வைத்து நன்றாகப் பார்த்தாள்.

“இல்லீங்க.”

“கைப்பிடி?”

“அதுவும் காணோம்.”

“அப்ப இது கடல் இல்ல. கண்டக்டர் நம்மளைத் தப்பான இடத்துல இறக்கிட்டாரு. வா, அடுத்த பஸ்ஸைப் பிடிப்போம்.”