கவலையில்லாத புழுக்கள்

"மேடம், உங்க புழுவுல மருந்து இல்லை. நான் ஊருக்குக் கிளம்புறேன்."

சொன்னவர் ஞானதிரவியம், ஐம்பத்தாறு வயது அறுவை மருத்துவர். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி புண்ணில் குடியேறி, தம் நோயாளிகள் மூவர் இறந்தபின் பணியைத் துறந்தவர். அழுகலில் வாழும் ஈப்புழுக்களின் உடலில் கிருமியைக் கொல்லும் புரதங்கள் ஊறுகின்றன என்று அறிந்து, பூச்சியியல் ஆய்வாளர் ஷரீபாவிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

ஷரீபாவுக்கு முப்பத்து மூன்று வயது. கற்க வருகிறவர் தம் வயதை வாசலிலேயே விட்டுவர வேண்டும். ஞானதிரவியம் விட்டுத்தான் வந்திருந்தார்.

"ஆறு மாசமா சோதனை முடிவைத்தான் காட்டுறீங்க. புழுப்பெட்டியைக் காட்டுங்க" என்றார் ஷரீபா.

காட்டினார்.

ஷரீபா மோந்து பார்த்தார். "ஆபரேஷன் தியேட்டர் வாசனை வருதே, டாக்டர்."

"வேகவெச்ச தவிடு. வடிகட்டின தண்ணி. ஒரு தூசி கிடையாது."

"அழுகல், சாணி?"

"சேச்சே."

"மாப்பிள்ளை உபசாரம்தான். இதுங்களுக்கு ஒரு எதிரிகூட இல்லையே."

ஞானதிரவியம் சிரிக்கவில்லை.

ஷரீபா ஊசி ஒன்றை எடுத்தார். அதே பொல்லாத கிருமியைக் கொதிக்கவைத்துக் கொன்ற நீரில் முனையைத் தோய்த்து, ஒரு புழுவின் முதுகில் மெல்லக் குத்தினார். பிறகு அடுத்ததை. இருபது புழுக்கள்.

மருத்துவருக்குத் தம் முதுகே கூசியது. "நல்லா இருக்குற புழுவை எதுக்கு மேடம்?"

"நாளன்னைக்குக் கேளுங்க. ஊருக்கு பஸ் தினமும் இருக்கு."

மறுநாள், உயிருள்ள அதே கிருமியைப் பூசிய தட்டில் குத்துப்பட்ட புழுக்களின் உடல்நீர் ஒரு சொட்டு, குத்துப்படாதவற்றின் உடல்நீர் ஒரு சொட்டு, அருகருகே இட்டார்கள்.

அதற்கும் மறுநாள் ஞானதிரவியம் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். எங்கும் வெண்படலமாகக் கிருமி. குத்துப்படாத புழுவின் சொட்டு விழுந்த இடத்திலும் அதே படலம். குத்துப்பட்டதன் சொட்டைச் சுற்றி மட்டும், மிளகு அளவுக்கு, கண்ணாடிபோல் தெளிவு.

அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நோயாளிகிட்ட இது எப்ப போய்ச் சேரும்?"

"பத்து வருஷம் ஆகலாம். சேராமலும் போகலாம்."

"அப்ப எனக்கு அறுபத்தாறு."

"பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ சொல்லட்டுமா?"

ஞானதிரவியம் குத்துப்படாத புழுக்களின் பெட்டியைத் தம் பக்கம் இழுத்தார். பார்வையைப் புழுக்களைவிட்டு எடுக்காமல், அறுவை அரங்கில் நிற்பவர்போல், உள்ளங்கையை மட்டும் ஷரீபாவின் பக்கம் நீட்டினார்.

"ஊசி."