மேனேஜர் ஏழாம் நம்பர் கூண்டுக்குப் போன கதை

ஊருக்கு வெளியே ஒரு பெரிய மருந்துக் கம்பெனி இருந்தது. அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் எலி என்பதை அடுத்ததில் சுண்டெலி என்பார்கள், மூன்றாவதில் மாதிரி உயிர் என்பார்கள். மாத்திரை கொடுத்ததில் எதற்குக் காய்ச்சல் இறங்கியது என்று தேடி எடுப்பதற்குள் எலிக்கே வயசாகிவிடும்.

மேனேஜர் கல்யாணராமன் தகவல் பிரிவைக் கூப்பிட்டார். தகவல் பிரிவு என்றால் எத்திராசு, மாசிலாமணி, சூசை. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"எது எலின்னு முதல்ல வரையறை எழுதுங்க. அதுக்குள்ள வர்ற எல்லாத்துக்கும் ஒரே பேரு, ஒரே சட்டம். யாருக்கும் விலக்கு கிடையாது. சீக்கிரம் ஆகட்டும், மூணு மணிக்கு என் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பணும்."

மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"வால் இருந்தா எலி," என்றார் எத்திராசு.

"ரெண்டாம் நம்பருக்கு வால் கதவுல மாட்டிப் போயிடுச்சே. அதுக்குத் தீனியை நிறுத்திடலாமா?" சூசைக்குக் கண் கலங்கியது. வரையறையிலிருந்து வாலை அடித்தார்கள்.

"நாலு கால்?" என்றார் மாசிலாமணி.

"தீனிக்கு எழுந்து நிக்கறப்ப ரெண்டுதானே?" என்றார் சூசை.

காலையும் அடித்தார்கள். மீசையும் இப்படியே போயிற்று. கடைசியில் மிஞ்சியது இதுதான்: நம் மாத்திரையை விழுங்கும் உயிர் எலி.

மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். காலையிலிருந்து அவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. மேசைமேல் இருந்த கம்பெனி மாத்திரையை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கினார்.

"நல்ல மனுஷன்," என்றார் மாசிலாமணி வருத்தத்தோடு.

"நல்ல எலி," என்று திருத்தினார் எத்திராசு.

பெரிய நாய்க்கூண்டு ஒன்று காலியாக இருந்தது. அதில் ஏழு என்று எழுதி, அவரை உள்ளே தள்ளி, ஒரு கை கொண்டைக்கடலையும் போட்டார்கள்.

"டேய், நான் மேனேஜர்டா! கதவைத் திறங்கடா!"

எத்திராசு கணினியில் பதிந்தார்: ஏழாம் எலி. பக்க விளைவு: தன்னை மேனேஜர் என்று நினைக்கிறது.

"பொண்ணோட அப்பா இல்லாம எப்படிடா தட்டு மாத்துவாங்க?" கல்யாணராமன் அழுதே விட்டார்.

மூவருக்கும் மனசு பொறுக்கவில்லை. என்ன இருந்தாலும் அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல.

"ஏழுக்கு இன்னும் சோதனை முடியலையே, வெளியே விடக் கூடாதே," என்றார் மாசிலாமணி.

"ஏழுதான் போகணுமா என்ன?" என்றார் சூசை. "ஒரே வரையறை, ஒரே பேரு. எது போனா என்ன?"

மூன்று மணிக்குக் கார் கிளம்பியது. பின்சீட்டில், வெற்றிலைத் தட்டுக்கும் வாழைப்பழச் சீப்புக்கும் நடுவே, மேனேஜரின் அங்கவஸ்திரத்தை நாலாய் மடித்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது நாலாம் நம்பர் எலி.