பின்கொம்பு பிடித்த ராஜா

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை மருதவழுதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்றால் உட்கார்ந்து ஆண்டார் என்று நினைத்துவிட வேண்டாம். வடக்கு எல்லையில் யாரோ ஒரு எல்லைக்கல்லை நாலு முழம் நகர்த்திவிட்டதாகச் செய்தி வந்த நாளிலிருந்து அவரால் ஓர் இடத்தில் உட்காரவே முடியவில்லை. கல்லைத் திரும்ப நட்டாகிவிட்டது. ஆனாலும் அடுத்தது எந்தக் கல்லோ என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பாடு நின்றபடி. தூக்கம் கோழித் தூக்கம். இப்படியே தொண்ணூறு நாள்.

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, "நோய் ஒன்றும் இல்லை மகாராஜா, ஓய்வுதான் இல்லை" என்றார்.

அரண்மனை அதிகாரி அம்பலவாணர் குறுக்கே புகுந்தார். "ஓய்வாவது! உடம்பை முறித்தால் மனம் தானே அடங்கும், பிரபு."

முதலில் தினம் ஐம்பது தண்டால். பிறகு நூறு. பிறகு முந்நூறு. உடம்பு முறிந்தது, மனம் அடங்கவில்லை.

ராஜாவுக்கு இருந்த ஒரே ஆறுதல், பல்லக்கில் போகும்போது பின்திரையை விலக்கி, பின்கொம்பை, அதாவது பின்பக்கத்துத் தண்டை, சுமக்கும் சடையாண்டியோடு வாயாடுவதுதான். அம்பலவாணருக்கு அது பொறுக்கவில்லை.

பல்லக்குச் சுமப்பதில் ஒரு முறை உண்டு. பின்னால் சுமக்கிறவனுக்குப் பல்லக்கின் முதுகுதான் தெரியும், பாதை தெரியாது. அதனால் முன்னால் போகிறவன் "கல்லு!", "பள்ளம்!" என்று குரல் கொடுப்பான். பின்னால் வருகிறவனுக்குத் தோள் கடுத்தால் "தோள் மாத்து!" என்பான். அந்தக் குரல் வந்தால் முன்னவன் நின்றே ஆக வேண்டும்.

"இந்தக் கூச்சல்தான் தலைவலிக்குக் காரணம், பிரபு" என்று அம்பலவாணர் ஓதினார். சுமக்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று ராஜா உத்தரவு போட்டார்.

மூன்றாம் நாள் காலை, வாய்க்கால் கரையில் "வேகம், வேகம்!" என்று ராஜா விரட்ட, சடையாண்டியின் கால் பெருச்சாளி வளைக்குள் போயிற்று. பல்லக்குச் சாய்ந்தது. ராஜாவின் நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம்.

சபை கூடியது. "கவனமில்லாதவன், பிரபு. பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போகட்டும்!" என்றார் அம்பலவாணர்.

"போகட்டும்" என்றார் ராஜா, நடந்துகொண்டே.

சடையாண்டியின் மனைவிக்கு எட்டாம் மாதம். எல்லைக்குப் போக இரண்டு நாள் நடக்க வேண்டும்.

"போறேன் மகாராஜா. போறதுக்கு முன்னால ஒண்ணு கேட்கலாமா?"

"கேள். சீக்கிரம் கேள்!"

"நான் எவ்வளவு கவனமில்லாதவன்னு அளந்து பார்த்துடலாமே. இங்கேருந்து யானைக் கொட்டாய்க்கு நூற்றிருபது அடி. ரெண்டு பேர் தூக்குற டோலி ஒண்ணு கெடக்கு. அதுல பூசணிக்காய் ஏத்துவோம். முன்னால அதிகாரி ஐயா. பின்னால, நல்ல கவனமான ஆளா ஒருத்தர் வேணும். சபையில ஒருத்தர்தான் அப்படி இருக்காரு. என்ன, தலையில கிரீடம் இருக்கு."

"அடேய், நாக்கை அறுத்துவிடுவேன்!" என்று அம்பலவாணர் குதித்தார்.

அதற்குள் ராஜா கிரீடத்தைக் கழற்றி ஆசனத்தில் வைத்துவிட்டார். சும்மா நிற்கச் சொன்னால்தானே அவருக்குக் கஷ்டம்! "அம்பலவாணரே, முன்னால் பிடியும். இருவரும் வாய் திறக்கக் கூடாது. உத்தரவு உத்தரவுதான்."

சமையல்கட்டிலிருந்து இருபத்திரண்டு பூசணிக்காய் வந்தது. ஏற்றினார்கள். கிளம்பினார்கள்.

ராஜாவின் கண்ணெதிரே அம்பலவாணரையே மறைத்துக்கொண்டு பூசணிக்காய்க் குவியல். சடையாண்டி பக்கத்திலேயே எண்ணிக்கொண்டு நடந்தான். பத்தாம் அடியில் ராஜாவின் கட்டைவிரல் கல்லில் மோதியது. இரண்டு காய் உருண்டது. முப்பதாம் அடியில் படி, நாலு காய். அம்பலவாணர் தன் திறமையைக் காட்ட இன்னும் வேகமாக ஓடினார். அறுபதாம் அடியில் ராஜாவின் தோள் நெருப்பாக எரிந்தது. 'தோள்...' என்று வாய் திறந்து, மூடிக்கொண்டார். எண்பதாம் அடியில் யானை குளித்த சேறு. அம்பலவாணர் தாண்டிவிட்டார். ராஜா தாண்டவில்லை.

டோலி, காய், பின்னுக்கு இழுபட்ட அதிகாரி, அரசர், எல்லாம் சேற்றில்.

ராஜா எழுந்திருக்கவில்லை. தொண்ணூறு நாளில் முதல் தடவையாக, இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை மிச்சம், சடையாண்டி?"

"அஞ்சு, மகாராஜா."

"அம்பலவாணரே, சேறு என்று ஏன் சொல்லவில்லை?"

"தங்கள் உத்தரவு, பிரபு..."

"எனக்குத் தோள் எரிந்தது. நான் ஏன் சொல்லவில்லை?"

"அதுவும் உங்க உத்தரவுதான்" என்றான் சடையாண்டி.

ராஜா வீங்கிய நெற்றியைத் தடவினார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து சடையாண்டி மெதுவாகச் சொன்னான்:

"உங்க தலை முன்கொம்பு, மகாராஜா. உடம்பு பின்கொம்பு. தலை எல்லைக்கல்லைத் தேடி மூணு மாசமா ஓடுது. வழியில என்ன இருக்குன்னு உடம்புக்கு ஒரு வார்த்தை சொல்றதில்ல. உடம்பு தோள் மாத்துன்னு கத்துது, தலை நிக்கிறதில்ல. இது போதாதுன்னு ஐயா தினம் முந்நூறு பூசணிக்காய் வேற ஏத்திவிட்டாரு."

சேற்றில் கிடந்த அம்பலவாணர் தலை குனிந்துகொண்டார்.

வாய் திறக்கக் கூடாது என்ற உத்தரவும், நாட்டை விட்டுப் போகும் தண்டனையும் அங்கேயே ரத்தாயின. சடையாண்டி பல்லக்குக்காரர்களுக்குத் தலைவன் ஆனான். கறவைப் பசு இரண்டு அவன் வீட்டுக்குப் போயிற்று. உடைந்த காய் பதினேழு, ஆகவே அம்பலவாணர் பதினேழு நாள் பல்லக்குக்கு முன்னால் ஓடி, "கல்லு! பள்ளம்!" என்று கூவ வேண்டும் என்று தீர்ப்பானது. நன்றாகவே கூவினார்.

பதினெட்டாம் நாள் சபையில் மறுபடி வடக்கு எல்லைப் பேச்சு. சடையாண்டி வாசலில் நின்றான். உள்ளே ராஜாவின் காலடிச் சத்தம், போவதும் வருவதுமாக, வேகம் கூடிக்கொண்டே போயிற்று. நூறு எண்ணினான். நூற்றிருபது எண்ணினான்.

"தோள் மாத்து!"

ராஜாவின் குரல்தான். காலடி நின்றது. ஆசனம் கிறீச்சிட்டது. "கொஞ்சம் மோர் கொண்டுவரச் சொல்லுங்கள். குடித்துவிட்டுப் பேசுவோம்."

வாசலில் சடையாண்டி, தன்னை அறியாமல், வலது தோளில் கிடந்த துண்டை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டான்.