கருவண்டு போட்ட ஓட்டை

வண்டும் மனிதரும் பேசிப் பழகிய அந்தக் காலத்தில், ஒரு மலைக்குடியில் கெம்பி என்றொருத்தி இருந்தாள். அம்பறாத்தூணி செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதை ஊர் மறந்துபோக அவள் ஒருநாளும் விட்டதில்லை.

முற்றிய மூங்கிலை அடிக்கணுவோடு வெட்டுவாள். ஆத்தி நாரில் தோள்வார் முறுக்குவாள். மூடி கமுகம்பாளையில். பிறகு குழலில் தண்ணீர் ஊற்றி நிறுத்துவாள். காலையில் ஊற்றியது மாலைவரை குறையாமல் நின்றால்தான் அது தூணி. ஒரு சொட்டுக் கசிந்தாலும் அடுப்புக்குப் போய்விடும். அம்பு வைக்கும் குழலில் தண்ணீர் எதற்கு நிற்கவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கெம்பியிடம் கேட்க யாருக்குத் துணிச்சல்?

அந்த ஆண்டு காட்டுப்பன்றிகள் இரண்டு தினைக்கொல்லைகளை அழித்துவிட்டன. மிச்சம் ஒரே கொல்லை. அதுவும் போனால் ஊரே பட்டினிதான். காவலுக்குப் போகும் ஆறு ஆண்களுக்கும் கெம்பி புதுத் தூணி செய்தாள். வெயிலில் காயவைத்த குழல் ஒன்றில் கருவண்டு புகுந்து தூங்கிப்போனது. அவசரத்தில் அவள் பார்க்கவில்லை. மூடியை வைத்துத் தேன்மெழுகால் அடைத்துவிட்டாள்.

அதுவரை கருவண்டுகள் எதையும் துளைத்ததில்லை. திறந்து கிடக்கும் பொந்துதான் அவற்றுக்கு வீடு. மூச்சு முட்டிய வண்டு அடிக்கணுவைக் கடித்துக் கடித்து, சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை போட்டு வெளியே வந்து விழுந்தது.

"அடப்பாவி வண்டே! என் தூணியைக் கெடுத்துட்டியே!" கெம்பி உலக்கையை ஓங்கினாள்.

"நீதானே அக்கா என்னை உள்ள வச்சு அடைச்சே? செத்துப்போகச் சொல்றியா?" என்றது வண்டு, நடுங்கிக்கொண்டே.

அவள் கணவன் கோடன் உலக்கையைப் பிடித்துக்கொண்டான். "விடு புள்ள. உசுருக்குப் பயந்து செஞ்சது. இந்தத் தூணியை நானே எடுத்துக்கிறேன்."

ஓட்டைத் தூணியோடு தன் புருஷன் ஊர்முன் நடந்துபோனதைப் பார்க்கக் கெம்பிக்கு மானமே போனது.

பகலெல்லாம் மழை. பன்றி வந்தால் சட்டென்று அம்பெடுக்க, மூடியைத் திறந்துவைத்தே ஆறு பேரும் காத்திருந்தார்கள். கெம்பி கொல்லையின் காவல் பரண்மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்டதும் பன்றிகள் வந்தன. ஐந்து பேர் அம்பை உருவினார்கள். கைக்கு வந்தது வெறும் குச்சி. தூணிக்குள் நின்ற தண்ணீரில் அம்புமுனையை ஒட்டியிருந்த பிசின் கரைந்து, எலும்பு முனைகள் அடியில் கழன்று கிடந்தன. முன்னால் வந்த பெரிய பன்றி கோடனை நோக்கிப் பாய்ந்தது.

கோடன் அம்பை உருவினான். அவன் தூணியில் விழுந்த மழை ஓட்டை வழியே ஓடிப்போயிருந்தது, முனை கழலவில்லை. அவன் விட்ட அம்பு பன்றியின் கழுத்தில் இறங்கியது. அது அவனுக்கு இரண்டடி முன்னால் விழ, மற்றவை சிதறி ஓடின.

"அப்பாடா!" என்று ஊரே மூச்சு விட்டது. கெம்பி இறங்கி ஓடிவந்து கோடனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, மூங்கில் புதருக்குப் போனாள். அவளைக் கண்டதும் கருவண்டு பதுங்கியது.

"பயப்படாத தம்பி," என்றாள். "உன்னால என் புருஷன் பொழச்சான். இந்த மூங்கிலெல்லாம் இனி உனக்குத்தான். எங்க வேணும்னாலும் துளைச்சுக்க, கேக்க ஆளில்ல."

அன்று முதல்தான் கருவண்டு மூங்கிலைத் துளைத்துக் குடியிருக்கிறது. அந்த மலையில் தூணியின் அடியில் ஓட்டை போடத் தொடங்கியதும் அன்றுதான். முதல் ஓட்டை வண்டு போட்டது; மற்ற ஐந்தையும் கெம்பியே தன் கையால் போட்டாள்.