ஆபெல் குரலில் பேசிய கூஜா

ஏழு கடலுக்கு அப்பால் இங்கிலாந்து தேசத்தில், மந்திரவாதிகளும் கடைபோட்டுப் பிழைத்த காலத்தில், டெபோரா என்றொரு விதவை இருந்தாள். கணவன் ஆபெல் விட்டுப்போன மண்பாண்டப் பட்டறையை அவளே நடத்தினாள். அவள் பாத்திரங்களின் நீலப் பூச்சுக்காகவே சீமாட்டிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கலவையின் ரகசியம் வெளியே போனால் பட்டறையே போச்சு.

எதிர்ப் பட்டறைக்காரன் கிரிஸ்பின் மந்திரம் தெரிந்தவன். வயிற்றெரிச்சல் பிடித்தவன். ஒருநாள் காலையில் ஒரு கூஜாவோடு வந்து நின்றான்.

“சும்மா வச்சுக்கோங்கம்மா.”

சும்மாவாம்! எங்கேயோ இடிக்கிறதே என்று நினைத்தாள் டெபோரா.

அவன் போனதும் கூஜா பேசியது.

“டெபோரா, நான்தான் ஆபெல். நம்ம நீலப் பூச்சை எப்படிக் கலக்கிறது? சொல்லு.”

அதே குரல். அதே இழுவை.

“நீங்க போய் ரெண்டு வருஷமாச்சே. திரும்பி வர அந்தக் கிரிஸ்பின்தான் கிடைச்சானா?”

கூஜா சிரித்தது. அதுவும் ஆபெலின் சிரிப்பேதான். எங்கேயோ இடித்தது. ஆனாலும், “நாளைக்குச் சொல்றேன்” என்றாள்.

இரண்டாம் நாள்.

“டெபோரா, நான்தான் ஆபெல். இங்கே குளிருது. சொல்லிடு.”

“நாளைக்குச் சொல்றேன்.”

அன்று அவள் சூளையே மூட்டவில்லை. கூஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் போனபிறகு மகளுக்குப் பல் முளைத்த கதையெல்லாம் சொன்னாள். பாவம், எத்தனை நாள் ஏக்கமோ!

மூன்றாம் நாள்.

“டெபோரா, நான்தான் ஆபெல். இருபது வருஷம் என் கையால கலந்த பூச்சு, செத்ததும் மறந்துபோச்சு. இப்போ சொல்லலேன்னா என் குரலும் போயிடும்.”

டெபோரா எழுந்தாள். எங்கே இடிக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது.

பாத்திரத்தின் அடியில் ஆபெல் பெயர் இருந்ததால், பூச்சும் அவன் கைவேலை என்றே ஊர் நம்பியது. உண்மையில் ஆபெலுக்கு நீலமும் பச்சையும் ஒன்றுதான். அவன் சக்கரம் சுற்றினான். கல்யாணமான நாள் முதல் பூச்சைக் கலந்தவள் டெபோரா. இது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

கூஜாவைத் தூக்கினாள்.

“ஐயோ டெபோரா, என்னைப் போடாதே!”

ஆபெலே கெஞ்சியது போலிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தரையில் அடித்தாள்.

கூஜா சுக்குநூறானது. மாயம் கலைந்தது. கூஜா வழியே ஆபெலாகப் பேசி, எதிர்ப் பட்டறையில் கத்திக்கொண்டிருந்த கிரிஸ்பினின் குரல் பாதியில் நின்றது. அதன்பிறகு திரும்பவே இல்லை. டெபோராவின் பட்டறையோ ஊரிலேயே பெரிதானது.

ஆனால் அன்று, சில்லுகளை அள்ளிக்கொண்டே அவள் விம்மி விம்மி அழுதாள்.

“பொய்தான். ஆனாலும் சிரிச்சது அவர் மாதிரியே இருந்துதே!”