இரண்டுங்கெட்டான் தகடு

தூத்துக்குடியில் பெயிண்டர் தேவசிங் என்றால் ஒர்க்‌ஷாப்காரர்களுக்குத் தனி மரியாதை. வண்டியில் எந்தப் பள்ளமாக இருந்தாலும் சரி, பட்டியை அப்பித் தேய்த்து பெயிண்ட் அடித்தாரென்றால், செய்த கம்பெனிக்காரனுக்கே அடையாளம் தெரியாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஐம்பது வயதுக்கு மேல், துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதுசு வைக்கிற டிங்கர் வேலை படிக்கக் கிளம்பினார்.

எல்லாம் மகளால் வந்தது. ஷைனிக்குக் கல்யாணம். சர்ச்சுக்குப் போனால், அப்பா ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட அந்த உருண்டை மூக்கு பிக்கப்பில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வண்டியோ அப்பாவைவிட மூத்தது. உப்புக்காற்று தின்றது போக மிச்சம். அதை அடுத்தவன் கையில் விட மனசு வராமல், டிங்கர் பீர் மைதீனிடம் போய் வேலை படிக்க நின்றார்.

பீர் மைதீன் பத்து வயது இளையவர். இவர் "ஆசானே" என்பார், அவர் "சொல்லுங்க அண்ணாச்சி" என்பார். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு நல்ல வேடிக்கை.

மட்கார்டு முடிந்தது. கதவின் அடிப்பக்கம் முடிந்தது. டிரைவர் பக்கத்துத் தரையில் புதுத் தகடு ஏறியது. இனி இடது பக்கத் தரை. பெண் உட்காரப்போகிற பக்கம்.

"ஆசானே, ஒரு சந்தேகம். பார்த்தா காசளவு ஓட்டை. வெட்ட வெட்ட சாண் அகலமாவுது. எதுவரைக்கும் வெட்டணும்?"

"தட்டிப் பாருங்க."

தட்டினார். ஓரத்தில் கணீரென்றது. ஓட்டையைச் சுற்றித் தொத்தென்றது. நடுவில் ஒரு இடம் இருந்தது பாருங்கள், அது இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை.

"இந்த இரண்டுங்கெட்டான என்ன செய்ய?"

"நீங்களே பாருங்க" என்று பீர் மைதீன் டீ குடிக்கப் போய்விட்டார்.

தேவசிங் குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். மண்டை காய்ந்ததுதான் மிச்சம். இதையும் வெட்டினால் சீட்டைக் கழற்ற வேண்டும். கல்யாணமோ நெருங்கிவிட்டது, பெயிண்ட் காய வேண்டாமா? கை தானாகப் பட்டி டப்பாவுக்குப் போனது. பூசினார், காய்ந்ததும் தேய்த்தார், மேலே கால்மிதி ரப்பர் மேட்டையும் விரித்துவிட்டார்.

பீர் மைதீன் வந்து மேட்டைத் தூக்கித் தடவிப் பார்த்தார்.

"அடேயப்பா! அண்ணாச்சி கைன்னா கைதான்."

தேவசிங்குக்கு உச்சி குளிர்ந்தது. "அப்ப இது போதும்ல, ஆசானே?"

"எனக்கென்ன தெரியும்?"

அந்த நேரம் பார்த்து ஷைனி மதியச் சாப்பாட்டோடு வந்தாள். பீர் மைதீன் மேட்டைப் பழையபடி விரித்து, இடது கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறி உக்காரும்மா. அப்பா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவாரு."

அவளுக்கு ஏக சந்தோஷம். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து காலைத் தூக்கினாள்.

"ஏட்டி, ஏறாத!"

தேவசிங் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை வெல்டர் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா? நல்லாத்தானே இருக்கு?"

பெற்ற பிள்ளைக்கே இந்த வேலையைச் செய்யப் பார்த்தோமே என்று தேவசிங்கை வெட்கம் பிடுங்கித் தின்றது. மேட்டை உருவி எறிந்தார். உளியை எடுத்து, பூசிய பட்டியை அவரே கொத்தித் தள்ளினார். அடியில் கருத்த தகடு தெரிந்தது. ஆனால் சந்தேகம் மட்டும் போகவில்லை.

"ஆசானே, இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்க. எதுவரைக்கும் வெட்ட?"

பீர் மைதீன் ஒரு ஸ்டூலை இழுத்து ஷைனிக்குப் போட்டார்.

"நீ இங்கயே இரும்மா. அப்பா வெட்ட வெட்ட, மிச்சம் நிக்கிற தகட்டுல கால வைக்கப் போற மாதிரி தூக்கு."

பிறகு தேவசிங்கைப் பார்த்தார்.

"எந்த இடத்துல உங்களுக்குக் கத்தத் தோணலையோ, அங்க நிறுத்துங்க அண்ணாச்சி."